மேல்சுற்றும் அடிச்சுற்றும்

மாரிசெல்வியின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. எது கிடைத்தாலும் முதல் கொஞ்சத்தையும் கடைசிக் கொஞ்சத்தையும் ஒதுக்கிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வெண்டைக்காய்க்கு அது சரி. நூலுக்கும் சரி. ஆராய்ச்சியில்தான் அது ஆளைக் கவிழ்த்துவிட்டது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. அங்கே எஸ்.க்யூ.சி. என்று சொல்லும் தரச் சோதனை அறையில் அவளுக்குப் பதினேழு வருட வேலை. மெஷினிலிருந்து கோன் வரும். கோன் என்றால் அட்டைக் கூம்பில் இறுக்கிச் சுற்றிய நூல். மேலே இருக்கும் சுற்றுகளில் வழியில் பட்ட கையழுக்கு இருக்கும், உரசல் இருக்கும். அதை மளமளவென்று பிரித்துக் கழிவுக் கூடையில் போட வேண்டும். அட்டையை ஒட்டிய அடிச்சுற்று நசுங்கியிருக்கும், அதைத் தொடவே கூடாது. நடுநூலை எடுத்து மெஷினில் மாட்டி, எவ்வளவு இழுவை தாங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. அவளும் பதினேழு வருடம் பிசகாமல் செய்துவிட்டாள்.

அந்த அறையில் இன்னொரு விதியும் உண்டு. பஞ்சு நூல் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்தால் பலம் கூடும், காய்ந்தால் குறையும். அதனால் சோதனைக்கு முன்னால், ஈரம் அளவாக வைத்த அறையில் கோனை நான்கு மணி நேரம் வைக்க வேண்டும். நான்கு மணி நேரம் போதும் என்பது ஊரெல்லாம் ஒத்துக்கொண்ட கணக்கு. ஆனால் ஆனி, ஆடியில் மலையிறங்கி வருகிற காய்ந்த மேல்காற்று அடிக்கும் நாட்களில், நான்கு மணி நேரம் வைத்த நூல் பொசுக் பொசுக்கென்று அறும். உடனே மேலேயிருந்து சத்தம் வரும், அந்தத் தடவை நூற்ற மொத்த லாட்டையும் நிறுத்திவைப்பார்கள். அதே லாட்டில் ஒரு கோனை மறந்துபோய் அந்த அறை ரேக்கிலேயே விட்டு, வார விடுமுறை கழிந்து வந்து சோதித்தால், முந்தாநாள் அறுந்த நூல்தானா இது என்கிற மாதிரி உறுதியாக நிற்கும்.

மாரிசெல்வி இதை எட்டு வருடம் ஒரு நோட்டில் எழுதிவந்தாள். மற்றவர்கள் காற்றைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவளால் அப்படிப் போக முடியவில்லை. நாலு மணி நேரம் போதும் என்று யார் சொன்னது? கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருந்தாள். அந்தச் சான்றிதழையும் இந்த ஒற்றைக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு, நாற்பத்தொரு வயதில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டாள். பஸ் கண்டக்டரான அவள் புருஷன் வைகுண்டராஜுக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, நீ டாக்டராயிட்டா என் முழங்கால் வலிக்கு மாத்திரை எழுதித் தருவியா?" என்று கேட்டான். கேட்டுக்கொண்டே அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவியும் வைத்தான்.

ஆய்வுக் குழுவின் முதல் கூட்டத்தில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

குழுவில் மூன்று பேர். அவளுடைய நெறியாளர் ஞானதுரை, இன்னொரு துறைக்காரர் ஒருவர், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் ஒருவர். மாரிசெல்வி தன் நோட்டைக் காட்டி நன்றாகத்தான் ஆரம்பித்தாள். கோயம்புத்தூர்க்காரர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். நான்கு மணி நேரம் போதும் என்பது எப்போதோ முடிந்துபோன விஷயம், அதைத் திரும்பக் கிளறுவதில் என்ன புதுசு என்று கேட்டார். இல்லை சார், வேறு மாதிரியும் ஆராய்ச்சியில் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் அவள். "யாரு சொன்னது? எந்த வருஷம்?" என்றார். அவள் நோட்டைப் புரட்டினாள். படித்த கட்டுரை எதற்கும் எழுதியவர் பெயர் தெரியாது, வருடம் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

ஆறு வாரம் கொடுத்தார்கள். இதுவரை யார் என்ன செய்திருக்கிறார்கள், எது இன்னும் செய்யப்படவில்லை என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பதிவு ரத்து. வெளியே வந்ததும் ஞானதுரை சொன்னார்: "ஏம்மா, நோட்டு நல்லாருக்கு. நோட்டை மட்டும் வச்சிக்கிட்டு சண்டைக்குப் போக முடியாது. லைப்ரரிக்குப் போங்க. ஹெப்சிபான்னு ஒரு பிள்ளை இருக்கும், அதுட்ட உக்காருங்க."

அவளுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. ஆக, கையில் இருந்தது ஆறு செவ்வாய்க்கிழமை. முதல் செவ்வாய் காலையில் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி, ஒன்பது மணிக்கெல்லாம் நூலக வாசலில் நின்றாள். கையில் இருந்த பையில் அவள் அதுவரை அச்செடுத்துப் படித்த கட்டுரைகள் ஒரு கட்டு.

ஹெப்சிபா உதவி நூலகர். மம்சாபுரத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவள் கட்டைப் பிரித்து ஒன்று ஒன்றாகப் புரட்டினாள். புருவம் மேலே மேலே போனது.

"அக்கா, இதுல முதல் பக்கம் எங்க?"

"அது வேண்டாம்னு விட்டுட்டேன் மேடம்."

"கடைசிப் பக்கம்?"

"அதுவும்தான். வெறும் பேரும் வருஷமுமால்லா கெடந்துச்சு. கழிவுன்னு நெனச்சேன்."

ஹெப்சிபா இன்னும் நான்கைந்தை எடுத்துப் பார்த்தாள். எல்லாம் மூன்றாம் பக்கத்தில் தொடங்கி, முடிவதற்கு இரண்டு பக்கம் இருக்கும்போதே நின்றன. ஏன் இப்படி என்று கேட்டாள். மாரிசெல்வி கோனைப் பற்றிச் சொன்னாள், மேல்சுற்றைப் பற்றி, அடிச்சுற்றைப் பற்றி, நடுநூலைப் பற்றி. சொல்லச் சொல்லத் தனக்கே ஏதோ உறைத்து, குரல் இறங்கிவிட்டது. ஹெப்சிபா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இது நூலகம் என்று ஞாபகம் வந்து வாயைப் பொத்திக்கொண்டு, மறுபடியும் சிரித்தாள். அதில் கேலி இல்லாததால் மாரிசெல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு ஹெப்சிபா ஒரு முழுக் கட்டுரையைத் திரையில் திறந்து காட்டினாள். முதல் பக்கத்தில் யார், எந்த வருடம், எதைக் கேட்டுக்கொண்டு கிளம்பினார், என்ன கிடைத்தது என்பது சுருக்கமாக இருக்கும். கடைசியில் இருப்பது, அவர் யார் யாரிடமிருந்து எதை எதை எடுத்தார் என்கிற பட்டியல். நடுவில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் இருக்கும் குட்டி எண், இந்தப் பட்டியலில் இருக்கும் எண்தான்.

மாரிசெல்வி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடம், இது லாட் சீட்டுல்லா."

"என்னது?"

"எங்க மில்லுல துணிக்காரன் குறை சொல்லி அனுப்புவான். நாங்க கோன்ல இருக்க சீட்டைப் பார்ப்போம். அதை வச்சு எந்த மெஷின், எந்த ஸ்பிண்டில், எந்தப் பேல், அதான் எந்தப் பஞ்சு மூட்டைன்னு பின்னாலயே போயிருவோம். செத்த நேரத்துல கண்டுபிடிச்சிருவேன்." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்படின்னா இந்த நாலு மணி நேரத்துக்கும் எங்கயாவது ஒரு பேல் இருக்கணும்."

"இருக்கும் அக்கா. பிடிச்சிருவோம்" என்றாள் ஹெப்சிபா.

அன்றைக்கு மதியச் சாப்பாடு மறந்துபோனது. எந்தச் சொல்லோடு எந்தச் சொல்லைச் சேர்த்துத் தேடினால் குப்பை குறையும் என்று கற்றுக்கொண்டாள். ஒரு கட்டுரையிலிருந்து பின்னால் போவது மட்டுமில்லை, அதைப் பிற்பாடு யாரெல்லாம் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று முன்னாலும் போகலாம் என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெயரையும் வருடத்தையும் தானே சேர்த்துவைக்கும் மென்பொருள் ஒன்றை ஹெப்சிபா போனில் போட்டுக்கொடுத்தாள். வீட்டிலிருந்தே நூலகத்தின் ஆய்விதழ்களுக்குள் நுழைய ஒரு கடவுச்சொல்லும் வாங்கிக்கொடுத்தாள். இத்தனை காலம் பூட்டுப் போட்டிருந்த கதவெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குத் திறந்துவிட்டது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே ஆறு கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டாள்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. மில்லில் உணவு இடைவேளை, ரேஷன் கடை வரிசை, இட்லி வேகும் நேரம் எல்லாம் பட்டியலுக்குப் போனது. பழைய உற்பத்தித் தாள்களின் முதுகில் பெட்டி பெட்டியாக வரைந்து, பெட்டிக்குள் பெயரையும் வருடத்தையும் எழுதி, அம்புக்குறி போட்டாள். ஒட்டி ஒட்டி அது கட்டிலை விட நீளமாகிவிட்டது. வைகுண்டராஜ் அதைத் தாண்டித் தாண்டி நடந்தான். "எங்க டிப்போவுல ரூட்டு சார்ட்டுகூட இம்புட்டு கெடையாது" என்றான். ஆனால் அம்புக்குறியெல்லாம் ஏன் ஒரே பக்கமாகப் போகிறது என்று முதலில் கேட்டவனும் அவன்தான்.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை அதற்குப் பதில் கிடைத்தது. நான்கு மணி நேரம் போதும் என்று சொன்ன கட்டுரைகள் நாற்பத்துமூன்று. அவளும் ஹெப்சிபாவும் தாளை வாசிப்பு அறை மேசையில் விரித்து ஒவ்வொரு அம்பாகப் பின்னால் போனார்கள். இவர் அவரைச் சொல்கிறார், அவர் இன்னொருவரைச் சொல்கிறார், இன்னொருவர் வேறொருவரைச் சொல்கிறார். யாரும் கடிகாரத்தை வைத்து நான்கு மணி நேரம் அளந்து பார்த்ததாகச் சொல்லவில்லை. கடைசியில் நாற்பத்துமூன்றும் ஒரே பெட்டியில் வந்து விழுந்தன. எழுபது வருடத்துக்கு முன்னால், ஏதோ ஒரு குளிர்நாட்டு ஆய்வுக்கூடம் வெளியிட்ட பத்தொன்பது பக்க அறிக்கை.

"ஒரே பேலு மேடம்" என்றாள் மாரிசெல்வி. அந்தப் பெட்டியைச் சுற்றிப் பேனாவால் இரண்டு வட்டம் போட்டாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

அறிக்கை நூலகத்தில் இல்லை, இணையத்திலும் இல்லை. வேறு மாநிலத்தில் ஒரு நூலகத்தில் ஒரு பிரதி இருப்பதாக ஹெப்சிபா கண்டுபிடித்தாள். ஒரு நூலகம் இன்னொரு நூலகத்திடம் கேட்டு வாங்கிக்கொடுக்கும் சேவை உண்டு. அதற்கு ஒரு படிவம். நான்காவது செவ்வாய்க்கிழமை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், மாரிசெல்வி நின்றபடியே அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

ஆறாவது செவ்வாய்க்கிழமைதான் பக்கங்கள் வந்து சேர்ந்தன. கூட்டம் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு. இருவரும் ஒரே திரையில் தலையை ஒட்டிவைத்துப் படித்தார்கள். நான்கு மணி நேரம் என்பது இருந்தது, அட்டவணை இருந்தது, வரைபடம் இருந்தது. எந்த நூல், அதை எப்படி வைத்தார்கள் என்பதை மட்டும் காணோம். அந்த இடத்தில் ஒரே ஒரு வரி: சோதனைக்கு நூலைத் தயார்செய்த முறையைப் பின்னிணைப்பில் காண்க. பின்னிணைப்பைத் தேடினார்கள். பதினேழாம் பக்கத்தோடு முடிந்துவிட்டது.

ஹெப்சிபா படிவத்தை எடுத்துவந்தாள். "தேவையான பக்கங்கள்" என்ற கட்டத்தில் மாரிசெல்வியின் கையெழுத்தில், அழகாக, 3 முதல் 17 வரை.

மாரிசெல்விக்குத் தன் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருந்தது. இன்னொரு முறை படிவம் போட்டால் வந்து சேர இரண்டு வாரம். "நான் மில்லுக்கே லாயக்கு மேடம். படிச்சுப் படிச்சுச் சொன்னீயளே, மறுபடியும் அதையே பண்ணிட்டு வந்து நிக்கேன்."

"அடிச்சுத்தை மறுபடியும் தொடாம விட்டுட்டீங்க, அம்புட்டுத்தான். பிரிச்சு எடுத்துருவோம்" என்று சொல்லி ஹெப்சிபா போனை எடுத்தாள். அந்த நூலகத்துக்கு நேராகவே பேசினாள். அறிக்கை இருக்கும் அலமாரிக்குப் பொறுப்பானவர் விடுப்பில் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். வியாழக்கிழமை கூப்பிட்டாள். வந்துவிட்டார், பார்க்கிறேன் என்றார். சாயங்காலம் கூப்பிட்டாள். நாளைக்குக் காலையில் என்றார்.

வெள்ளிக்கிழமை மாரிசெல்வி விடுப்பு எடுத்துக்கொண்டு, நூலகம் திறக்கும்போதே வந்து உட்கார்ந்தாள். பத்து மணி ஆனது. பின்னிணைப்பு இல்லாமல் போனால் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாள். எழுதியதைப் படித்தால் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரு பழைய அறிக்கையை எல்லோரும் எடுத்துக்காட்டினால் அது தப்பாகிவிடுமா என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்பார், பதில் இருக்காது.

பத்தே கால் தாண்டியதும் ஹெப்சிபாவின் போன் சிணுங்கியது. இரண்டு படங்கள். ஒன்று கோணலாக இருந்தது, மூலையில் எடுத்தவரின் கட்டைவிரல் தெரிந்தது. ஹெப்சிபா பெரிதாக்கிப் பிடித்தாள். பத்தொன்பதாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. நூலைச் சிட்டங்களாகப் பிரித்து, ஒன்றோடொன்று படாமல், கொக்கிகளில் தளர்வாகத் தொங்கவிட்டோம்.

மாரிசெல்வி இரண்டு தடவை படித்தாள். சிட்டம். கட்டவிழ்த்த கூந்தல் மாதிரி காற்றில் தொங்கும் நூல். அதற்கு ஈரம் ஏற நான்கு மணி நேரம் தாராளம். கல்லு மாதிரி இறுக்கிச் சுற்றிய கோனை அவர்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவள் எழுந்து நின்று ஹெப்சிபாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். வாசிப்பு அறையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதினொரு மணிக்கு அதே அறை, அதே மூன்று பேர். அவள் தாளை விரித்தாள், மேசை போதவில்லை. நாற்பத்துமூன்று பெட்டிகள். கோயம்புத்தூர்க்காரர் ஒன்றைத் தொட்டு, யார் சொன்னது என்றார். சொன்னாள். வருடம் கேட்டார், சொன்னாள். இன்னொன்றைத் தொட்டார், அதற்கும் சொன்னாள். மூன்றாவதை அவர் தொடவில்லை, அம்புக்குறிகளைப் பின்தொடர்ந்து தானாகவே கடைசிப் பெட்டிக்கு வந்து சேர்ந்தார். அவள் கட்டைவிரல் விழுந்த அந்தப் படத்தின் அச்சை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு படித்தார்.

"நான் இதை முப்பது வருஷமா கிளாஸ்ல சொல்லிட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "சரிம்மா. இது வரைக்கும் செய்யலைன்னு காட்டிட்டீங்க. கோனுக்கு உள்ள ஈரம் போகலைன்னு நீங்க எப்படிக் காட்டுவீங்க?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராகி வரவில்லை. ஆறு வாரமும் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் பார்க்க நேரம் இல்லை. ஞானதுரை அவள் முகத்தைப் பார்த்தார். அவளோ தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோன் ஒன்று இருப்பதுபோல விரல்கள் மேசை மேல் எதையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தன.

"சார், நாங்க மேல்சுத்தைப் பிரிச்சுக் கூடையில போட்டுருவோம். அடிச்சுத்தைத் தொடவே மாட்டோம்" என்றாள். குரல் முதலில் தயங்கி, பிறகு வேகம் பிடித்தது. "ஈரம் வெளியிலருந்துதான உள்ள போகணும். அப்போ முதல்ல ஈரம் ஏறுறது மேல்சுத்துக்கு, கடைசியில ஏறுறது அடிச்சுத்துக்கு. ரெண்டையும் விட்டுட்டு நடுவுல மட்டும் பார்த்தா எதுவும் தெரியாதுல்லா. நான் மூணையும் எடுத்துப் பார்ப்பேன் சார்."

"உரசல் பட்ட நூலு, நசுங்குன நூலு. அதுல பலம் எப்படிச் சரியா வரும்?"

"பலம் பார்க்க மாட்டேன். எடை போடுவேன். காய வச்சு மறுபடியும் எடை போடுவேன். உரசல் பட்டாலும் ஈரம் ஈரந்தான் சார்."

கோயம்புத்தூர்க்காரர் பேனாவை எடுத்து, பதிவைத் தொடரலாம் என்று படிவத்தில் எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து, அந்தப் பத்தொன்பதாம் பக்கத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. நான்கு மணி நேரம் வைத்த கோனை மாரிசெல்வி கையில் எடுத்தாள். பழக்கத்தில் விரல் மேல்சுற்றைப் பிரித்துக் கூடைப் பக்கம் கொண்டுபோனது. பாதியில் நிறுத்தி, அதை ஒரு உறையில் போட்டு, ஒன்று என்று எழுதினாள். நடுநூலுக்கு இரண்டு. அட்டை தெரியும்வரை பிரித்து, பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அடிச்சுற்றைத் தொட்டு, மூன்று என்று எழுதினாள்.

கழிவு அள்ளும் முத்தாத்தாள் சாக்கோடு வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்ன செல்வி, கூடை காலியா கெடக்கு? இன்னைக்கு டெஸ்ட்டு இல்லையா?"

"இருக்கு மதினி" என்றாள் மாரிசெல்வி. "இன்னைக்குத்தான் இருக்கு."